கோடரிக் காம்புக்கு மரம் தேர்வது எப்படி?

மலேசியாவின் கோலா கெத்தில் வட்டாரத்தில் அன்றாடச் சமையல் எப்போதோ எரிவாயுவுக்கு மாறிவிட்டது. ஆனாலும் கோயில் அன்னதானம், பொங்கல், கல்யாணச் சமையல் என்று வரும்போது விறகு பிளக்கக் கோடரியைத் தேடுகிறோம். பல வீடுகளில் இரும்பு நன்றாக இருக்கும், காம்புதான் ஒடிந்து கிடக்கும். ஓங்கி வெட்டும்போது காம்பு முறிந்தால் தலை பறந்துபோய் யார் மீதும் விழலாம். அதனால் காம்புக்கான மரத்தை அவசரமில்லாமல் பார்த்துத் தேர வேண்டும்.

முதன்முதலாகக் காம்பு செதுக்குபவர் "என்ன மரம் நல்லது?" என்றுதான் கேட்பார். அதற்கு முன் கேட்க வேண்டியது, "நார் எப்படி ஓடுகிறது?" என்பது. உயர்ந்த மரத்தின் கோணல் துண்டைவிட, நடுத்தர மரத்தின் நேரான துண்டு பல மடங்கு பாதுகாப்பானது.

1. அளவை முடிவு செய்யுங்கள்

இரு கையால் ஓங்கும் கோடரிக்கு 30 முதல் 36 அங்குலக் காம்பு வேண்டும். கைக்கோடரிக்கு 14 முதல் 16 அங்குலம் போதும். முதல் முயற்சிக்குக் கைக்கோடரியே ஏற்றது. காயும்போது முனைகள் வெடிக்கும் என்பதால் துண்டு 4 அங்குலமாவது கூடுதலாக இருக்கட்டும். கோடரித் தலையில் உள்ள துளையை அளந்து, அதைவிட அரை அங்குலம் தடிமன் கூடுதலாக எடுங்கள்.

2. கைக்கு எட்டும் மரங்களைப் பாருங்கள்

கொய்யா: வீட்டுக்குப் பின்னால் நிற்கும் இந்த மரம் கெட்டியானது, நெருக்கமான நார் கொண்டது, அடி தாங்கும். நேரான நீளம் கிடைப்பதுதான் கடினம். கைக்கோடரிக்குத் தேவையான நீளத்தைத் தேடினால் கிடைத்துவிடும்.

புளி: வைரம் பாய்ந்த பகுதி மிக உறுதியானது. உளியை மழுக்கும், செதுக்கப் பொறுமை வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் கருவிக் காம்புக்குப் புளியையும் கருவேலத்தையும் நாடுவது பழைய வழக்கம்.

கித்தா (ரப்பர் மரம்): ஒரு கன மீட்டர் 560 முதல் 640 கிலோ எடையுள்ள நடுத்தர மரம். செதுக்க எளிது, கைக்கோடரிக்குப் போதும். ஆனால் இதில் மாவுச்சத்து அதிகம். அறுத்த உடனே மருந்திடாவிட்டால் நீலக் கறை பிடிக்கும், வண்டு துளைக்கும். துளையோரம் மாவு போலத் தூள் உதிர்ந்தால் அந்தத் துண்டைத் தொடாதீர்கள். தோட்டத்தில் விழுந்து கிடப்பதைவிட, போரான் மருந்து ஏற்றி உலர்த்திய துண்டை மரத்தளவாட ஆலையில் கேட்டு வாங்குவது மேல்.

கெம்பாஸ்: கனமும் வலிமையும் உண்டு. ஆனால் நார் பின்னிக் கிடக்கும். சில துண்டுகளில் கல் போன்ற கரும்பட்டை ஓடும். அந்த இடத்தில்தான் முறியும்.

மெராந்தி பலகைக்கு நல்லது, அடி வாங்கும் காம்புக்கு மென்மை. செங்கால் கறையானுக்கு அசையாத தூண் மரம், கையில் பிடித்து ஓங்கக் கனம் அதிகம்.

தோட்டத்து மரத்துக்கு நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். காப்புக்காட்டில் அனுமதியின்றி மரம் எடுப்பது 1984ஆம் ஆண்டு தேசிய வனவியல் சட்டப்படி குற்றம்.

3. நார் ஓட்டத்தைப் படியுங்கள்

ஹிக்கரி, ஆஷ் வளரும் குளிர்நாட்டு நூல்கள் ஆண்டு வளையத்தைப் பார்க்கச் சொல்லும். ஆண்டெல்லாம் வெயிலும் மழையும் காணும் நம் மரங்கள் பெரும்பாலானவற்றில் வளையம் தெளிவாகத் தெரியாது. பக்கவாட்டில் ஓடும் நுண்துளைக் கோடுகளைப் பாருங்கள். கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் இழைத்த பகுதியில் ஒரு சொட்டுப் பேனா மை விடுங்கள். மை நார் வழியே பரவும். ஓர் அடி நீளத்துக்குள் அந்தக் கோடு ஓர் அங்குலத்துக்கு மேல் சாய்ந்தால் அந்தத் துண்டு வேண்டாம். கணு, வெடிப்பு, பூஞ்சைக் கறை உள்ளதையும் ஒதுக்குங்கள்.

4. அறுக்காமல் பிளந்தெடுங்கள்

ரம்பம் நாரைக் குறுக்கே அறுத்துவிடும். ஆப்பு வைத்துப் பிளந்தால் பிளவு நார் போகும் வழியிலேயே போகும். கிளையை உருண்டையாக அப்படியே காய வைக்காதீர்கள். மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. அதனால் நடுச்சோறு உள்ள கட்டை நிச்சயம் வெடிக்கும். நான்காகப் பிளந்து, சோற்றுப் பகுதியை நீக்கி, மீதியில் காம்பு எடுங்கள். இதற்குக் கிளை 5 அங்குலக் கனமாவது இருக்க வேண்டும்.

5. நிழலில் காய வையுங்கள்

இரு முனைகளிலும் சாயமோ மெழுகோ பூசுங்கள். தரையில் படாமல், இடையே குச்சி வைத்து, காற்றோட்டமான நிழலில் அடுக்குங்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். தொடர்ந்து மூன்று வாரம் எடை மாறாவிட்டால் மரம் நம் காற்றோடு ஒத்துப்போய்விட்டது. ஈர மரத்தில் காம்பு போட்டால் பிறகு சுருங்கி, தலை கழன்றுவிடும்.

6. தட்டிப் பார்த்துப் பொருத்துங்கள்

காய்ந்த துண்டைச் சிமெண்டுத் தரையில் செங்குத்தாகத் தட்டுங்கள். 'டங்' என்று தெளிவாக ஒலித்தால் நல்லது. மந்தமாக ஒலித்தால் உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். செதுக்கிய பின் துளையில் இறுக்கமாக ஏற்றி ஆப்பு அடியுங்கள். தலை ஆடுகிறது என்று கோடரியை வாளித் தண்ணீரில் ஊற வைக்காதீர்கள். ஊறிய மரம் இரும்புக்குள் நசுங்கி, காய்ந்ததும் முன்னைவிடத் தளர்ந்துவிடும். வார்னிஷுக்குப் பதில் ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி வைத்தால் தானாகத் தீப்பற்றலாம், விரித்துக் காய விடுங்கள்.

முதல் காம்புக்கு நான் சொல்வது கொய்யாதான். அது கிடைக்காவிட்டால் மருந்திட்ட கித்தா. எதுவானாலும், ஒவ்வொரு முறை ஓங்கும் முன்பும் தலையை அசைத்துப் பாருங்கள், பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.