கடற்பஞ்சு வளர்ப்பும் மருந்துச் சரக்கும்

பஞ்சு என்றவுடன் நம் அங்கத்தினர்களின் நினைவுக்கு வருவது பருத்தியே. கடலுக்கடியிலும் ஒருவகைப் பஞ்சு உண்டு. அது செடியன்று, பிராணி. பாறையில் ஒட்டிக்கொண்டு, உடலெங்கும் உள்ள நுண்துளைகளின் வழியே கடல்நீரை உள்ளிழுத்து, அதில் கலந்துள்ள நுண்ணுயிர்களை உண்டு வாழ்கிறது. இதனைப் பயிர்போல் வளர்த்து மருந்துச் சரக்கு எடுக்க இயலுமா? இயலுமாயின், வளர்ப்போருக்கு அதனால் நிலையான வருவாய் கிட்டுமா? இவ்விரு வினாக்களையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

கடற்பஞ்சு இடம்விட்டு ஓட இயலாதது. கொம்போ நகமோ அற்றது. ஆகவே, தன்னிடத்திலும் தன்னுள் வாழும் பாக்டீரியாக்களிடத்திலும் உண்டாகும் கடுமையான இரசாயனப் பொருள்களையே அது வேலியாகக் கொண்டுள்ளது. அப்பொருள்களுட் சில நோயையும் எதிர்க்க வல்லவை. கரிபியக் கடற்பஞ்சு ஒன்றில் 1950களின் தொடக்கத்தில் பெர்க்மன் என்னும் விஞ்ஞானி கண்டறிந்த பொருள்கள் வழிகாட்டவே, சைட்டராபின் என்னும் மருந்து உருவாயிற்று. இரத்தப் புற்றுநோய்க்கான அம்மருந்தினை அமெரிக்க அரசு 1969ஆம் ஆண்டில் அங்கீகரித்தது.

இடர்ப்பாடு சரக்கின் அளவில் இருக்கிறது. ஜப்பானிய விஞ்ஞானிகள் 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, 600 கிலோ கடற்பஞ்சிலிருந்து ஹாலிகோண்ட்ரின் பி என்னும் பொருள் 12.5 மில்லிகிராமே கிடைத்தது. பின்னர் நியூஸிலாந்தில், கைக்கோரா கரைக்கு அப்பால் ஏறத்தாழ 100 மீட்டர் ஆழத்தில் வாழும் வேறோர் இனத்திலும் அப்பொருள் காணப்பட்டது. ஒரு டன் வாரியெடுத்ததில் கிடைத்தது சுமார் 300 மில்லிகிராம். அவ்விடத்து இருப்பு முழுவதும் சுமார் 300 டன் என மதிப்பிட்டனர். கணக்கிட்டுப் பாருங்கள்: அவ்வளவையும் வாரினாலும் 100 கிராம் தேறாது, இனமும் அழிந்தொழியும்.

இந்நிலையிலேதான் வளர்ப்பு முயற்சி பிறந்தது. கடற்பஞ்சுக்கு ஓர் அரிய இயல்பு உண்டு. கரும்பைக் கரணையிட்டு நடுவதுபோல இதனையும் துண்டு போடலாம். ஒவ்வொரு துண்டும் தனித்து வளரும். 1907ஆம் ஆண்டில் வில்ஸன் என்னும் அமெரிக்க விஞ்ஞானி, கடற்பஞ்சினை நுண்ணிய பட்டுத்துணியினூடே பிழிந்தார். உதிர்ந்த உயிரணுக்கள் மீண்டும் ஒன்றுகூடிப் புதிய பஞ்சாயின. பிரிந்தவை கூடி உயிர்பெறும் இச்செய்தி கூட்டுறவாளர்க்கு மகிழ்ச்சி தருவதேயாகும்!

கைக்கோரா இனத்தின் துண்டுகளை ஆழம் குறைந்த கடலில் வளர்த்தபோது அவை செழித்தன. மருந்துப் பொருளும் அவற்றில் உண்டாயிற்று. எனினும் எல்லாம் எளிதன்று. நியூஸிலாந்திலேயே பெலோருசைடு என்னும் மருந்துப் பொருளுக்காக வளர்க்கப்பெற்ற மற்றோர் இனத்தை ஓடில்லாக் கடல்நத்தைகள் தின்று பெருநஷ்டம் விளைவித்தன. பூச்சித் தொல்லை கடலிலும் உண்டு.

அதனினும் பெரிய மாறுதல் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. 1992ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கிஷியின் குழுவினர் ஹாலிகோண்ட்ரின் பி-யைச் செயற்கையாகவே ஆக்கினர். அம்மூலக்கூற்றின் ஒரு பகுதியே நோயை எதிர்க்கப் போதுமென்பதும் புலனாயிற்று. அவ்வழியில் உருவான எரிபுலின் என்னும் மார்பகப் புற்றுநோய் மருந்து 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அது தொழிற்சாலையில் செய்யப்படுவது. அதற்குக் கடற்பஞ்சு வேண்டுவதில்லை. நோயாளிக்கு இது நன்மை, கடலுக்கும் நன்மை. வளர்ப்போருக்கோ சந்தை இல்லாது போயிற்று.

இக்கதை நமக்குப் புதிதன்று. 1897ஆம் ஆண்டில் ஜெர்மனியின் செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தபின், தென்னாற்காட்டில் அவுரி பயிரிட்டோர் அடைந்த நிலையை நாம் அறிவோம். நெசவாளருக்குச் சாயம் எளிதிற் கிடைத்தது. பயிரிட்டவருக்குத் தொழில் நலிந்தது.

ஆயின் கடற்பஞ்சு வளர்ப்பு வீண் என்று முடிவு கட்டலாகாது. ஸான்ஸிபார் தீவின் ஜாம்பியானி கிராமத்துப் பெண்கள், கடற்பாசி வளர்ப்பில் வருவாய் குன்றியபோது, குளியலுக்கான கடற்பஞ்சினைக் கயிறுகளிற் கட்டி வளர்க்கலாயினர். பஞ்சே நேராக விற்பனைக்குரிய பண்டமாதலால், எந்த ஆய்வுக்கூடத்தின் முடிவையும் அவர்கள் எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே இப்பாடத்தின் சாரம் இதுவே: புதிய பயிர் எதுவாயினும், அது விளையுமா என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. வாங்குவோர் எத்தனை பேர், அவர்கள் வேறு வழி கண்டுகொண்டால் நம் கையிருப்பு என்னாகும் என்பதையும் முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும். தனி ஒருவர் இவற்றையெல்லாம் விசாரித்தறிதல் அரிது. சங்கம் கேட்டால் விடை கிடைக்கும்.

கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்:

1. கைக்கோரா கடற்பஞ்சினை வாரியெடுத்தே மருந்து செய்வது ஏன் இயலாததாயிற்று?
2. நியூஸிலாந்து முயற்சிக்கும் ஜாம்பியானிப் பெண்களின் முயற்சிக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. நம் சங்கத்தின் சரக்குகளுள் ஒரே கொள்வோரை நம்பியிருப்பவை எவை?