ஸ்டெட்ஃபோர்டு யார்?

அன்புள்ள கயலுக்கு,

முதல் சம்பளத்தில் ஐயாயிரத்தை ஏதாவது ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க வேண்டும், எங்கே கொடுக்கலாம் பெரியப்பா என்று கேட்டிருந்தாய். பதிலுக்கு முன் ஒரு கேள்வி. அம்பத்தூர்ப் பெண் நீ. ஸ்டெட்ஃபோர்டு ஆஸ்பத்திரியைத் தாண்டாமல் உனக்கு ஒரு வாரம் கழியாது. அந்த ஸ்டெட்ஃபோர்டு யார்?

தெரியாதல்லவா? எனக்கும் ரிட்டயர் ஆகும்வரை தெரியாது. சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு, இங்கிலாந்தின் ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவர். அந்தக் கம்பெனியும் முருகப்பா குடும்பமும் சேர்ந்து 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. 1966-இல் வந்த ஆஸ்பத்திரிக்கு அவர் பெயரை வைத்தார்கள். இன்று முருகப்பா குழுமத்தின் ஏ.எம்.எம். அறக்கட்டளை நடத்துகிறது. ஊரே பெயரைச் சொல்கிறது, ஆளைத்தான் யாருக்கும் தெரியாது. கல்வெட்டில் பெயர் பார்க்க ஆசைப்படுகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சிரிப்பேன். கட்டடம் எழும்பிய மறுநாளிலிருந்து பஞ்சுக்கும் ஊசிக்கும் நர்ஸ் சம்பளத்துக்கும் யாராவது கொடுத்தாக வேண்டுமே, அதற்கு யார் கல்வெட்டு வைக்கிறார்கள்? நீ கொடுப்பதானால் அந்தச் செலவுக்குக் கொடு.

அடையாறு புற்றுநோய் நிலையத்தைப் பார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தைப் பல வருஷம் விடாமல் பிடித்துக்கொண்டு, இந்திய மாதர் சங்கத்தின் வழியாக நிதி திரட்டி, 1954-இல் 12 படுக்கைகளோடு ஆரம்பித்தார். நோயாளிகளைப் பார்ப்பதோடு அது நின்றுவிடவில்லை. 1984-இல் புற்றுநோய் மருத்துவத்துக்கே தனிக் கல்லூரி வந்தது. அதற்கும் முன்னால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆர். துணையோடு, 1982 முதல் சென்னைக்கான புற்றுநோய்ப் பதிவேட்டை அங்கே எழுதிவருகிறார்கள். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி, கேஸ் ஷீட்டைப் புரட்டி, இறப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை. சென்னைப் பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்று குறைந்து மார்பகப் புற்று கூடியிருப்பதை இன்று கணக்கோடு சொல்ல முடிவது இதனால்தான். ஆராய்ச்சி என்றதும் மைக்ராஸ்கோப்பை நினைக்கிறோம். பாதி ஆராய்ச்சி இப்படி நோட்டும் பேனாவுமாக அலைவதுதான்.

பூந்தமல்லியில் பஸ் ஏறினால் வேலூர். ஐடா ஸ்கடர் என்பவர் 1900-இல் டாக்டராக அங்கே திரும்பி வந்தபோது, நியூயார்க் வங்கியாளர் ஷெல் தன் மறைந்த மனைவியின் நினைவாகத் தந்த 10,000 டாலர் கையில் இருந்தது. அதில் 1902-இல் ஆஸ்பத்திரி எழுந்தது. அதைவிடப் பெரிய காரியம் என்று நான் நினைப்பது, 1918-இல் பெண்களுக்கு அவர் தொடங்கிய மருத்துவப் பள்ளி. அதுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி. இன்றும் திருச்சபைகளின் பரிந்துரையில் அங்கே சேரும் மாணவர்கள், படித்து முடித்ததும் மிஷன் ஆஸ்பத்திரிகளில் 2 வருஷம் வேலை பார்க்க வேண்டும். ஒரு பிள்ளையின் படிப்புக்குக் கொடுத்த பணம் எங்கோ ஒரு குக்கிராமத்தில் பிரசவம் பார்க்கிறது.

சரி, உன் ஐயாயிரம். அம்பத்தூர் எஸ்டேட் சிக்னலில் குழந்தை போட்டோவோடு உண்டியல் நீட்டுகிறவர்களிடம் போடாதே. ஆஸ்பத்திரியின் கணக்கிலேயே கட்டு, ரசீது வாங்கு. முதலைத் தொடாமல் வட்டியில் செலவு செய்யும் கார்பஸ் நிதியா, இந்த மாதமே ஒரு ஏழையின் பில்லுக்குப் போவதா என்று கேட்டுத் தெரிந்துகொள். ஒரே தடவை ஐயாயிரத்தைவிட மாதம் ஐந்நூறு என்று கட்டினால், அவர்கள் அதை நம்பி ஒரு திட்டம் போடலாம்.

எனக்குப் பென்ஷன் மாத்திரைக்கே சரியாகிவிடுகிறது. ஆகவே மருத்துவக் கல்லூரி உடற்கூறியல் துறைக்கு என் உடலை எழுதிவைக்கப் படிவம் வாங்கி வந்துவிட்டேன். முதல் வருஷப் பிள்ளைகள் அப்படி ஓர் உடல் கிடக்கும் மேஜையில்தான் படிக்கத் தொடங்குவார்கள். யாருடைய உடல் என்று அவர்களுக்குத் தெரியாது. உன் பெரியம்மா இரண்டு நாள் பேசவில்லை, இப்போது சமாதானம். நான் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது, போன பிறகு தாமதிக்காமல் கல்லூரிக்குப் போன் செய்ய வீட்டில் ஒருவர் வேண்டும். படிவத்தில் அதற்கு உன் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ.

அன்புடன்,
பெரியப்பா