கவுன்சிலரும் கவுன்சிலிங்கும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம். தச்சநல்லூர் ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஆச்சி திரும்பிக் கேட்டார்: "பேரனுக்கு கவுன்சிலிங் வருதாம்யா. நம்ம வார்டு கவுன்சிலர்ட்ட ஒரு வார்த்தை சொல்லி வச்சா, நல்ல காலேஜாப் பாத்துப் போட்டுத் தரமாட்டாகளா?"

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. பின்னால் நின்றவர், "தருவாக, ஆனா இப்பமே போய்ப் பாக்கணும்" என்று யோசனையும் சொன்னார். ஆச்சியை நான் குறை சொல்ல மாட்டேன். டிரைவிங் செய்பவர் டிரைவர், டெய்லரிங் செய்பவர் டெய்லர் என்றால் கவுன்சிலிங் செய்பவர் கவுன்சிலராகத்தானே இருக்க வேண்டும்?

நம்பிக்கை: கவுன்சிலிங்கில் கவுன்சிலருக்குக் கை உண்டு.

உண்மை: இரண்டும் வேறு வேறு ஆங்கிலச் சொற்கள். வார்டு கவுன்சிலருக்கு நடுவில் 'சி' எழுத்து. அவர் ஒரு மன்றத்தின் உறுப்பினர். கல்லூரிக் கவுன்சிலிங்குக்கு நடுவில் 'எஸ்'. அதற்கு ஆலோசனை சொல்லுதல் என்று பொருள்.

1994-ல் திருநெல்வேலி மாநகராட்சி உருவானபோது பாளையங்கோட்டை, மேலப்பாளையத்தோடு தச்சநல்லூரும் அதில் சேர்ந்தது. இன்று மாநகராட்சியின் நான்கு மண்டலங்களில் ஒன்று தச்சநல்லூர். மொத்தம் 55 வார்டு, 55 கவுன்சிலர். குழாயில் தாமிரவருணித் தண்ணீர் வரவில்லை, சாக்கடை அடைத்துக் கிடக்கிறது, தெருவிளக்கு எரியவில்லை என்றால் அவரிடம் போய் நிற்கலாம். மாமன்றக் கூட்டத்தில் எழுந்து பேச அவருக்கு உரிமை உண்டு, மேயரைத் தேர்ந்தெடுக்க வாக்கும் உண்டு. கல்லூரி இடம் மட்டும் அவர் கைக்கு எட்டாத சங்கதி.

இதற்குக் காலமே சாட்சி சொல்லியிருக்கிறது. 2016 அக்டோபரில் பழைய மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட ஐந்து வருடத்துக்கும் மேலாக நெல்லையில் கவுன்சிலர் என்று ஒருவரும் கிடையாது, அதிகாரிகளின் ஆட்சிதான். ஆனால் இன்ஜினியரிங் கவுன்சிலிங் ஒரு வருடம்கூட நிற்கவில்லை.

அந்தக் கவுன்சிலிங் நடக்கும் விதமும் சிபாரிசுக்கு இடம் தருவதில்லை. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்கு கட்-ஆஃப் போடுகிறார்கள். அதை வைத்து ரேங்க். ரேங்க் வரிசைப்படி, இடஒதுக்கீட்டுக்கு உட்பட்டு, மாணவர் கொடுத்த விருப்பப் பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்து எந்த இடம் காலியோ அது கிடைக்கும். 2018-க்கு முன்பு இதற்காக நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி, சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்கு அப்பாவும் பிள்ளையுமாகப் போய், பெரிய திரையில் இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைவதை வயிறு கலங்கப் பார்க்க வேண்டியிருந்தது. 2018 முதல் எல்லாம் ஆன்லைன். அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து நடத்துவது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். பட்டியலைப் போடும்போது கல்லூரிகளை எந்த வரிசையில் வைப்பது என்பதில்தான் பேரனுக்கு உதவி தேவை. அதற்குப் பள்ளிக்கூடத்து வாத்தியார் கவுன்சிலரை விட நல்ல ஆள்.

இதில் எனக்கு ஒரு வேடிக்கை. நம் ஊர்க் கவுன்சிலிங்கில் ஆலோசனை என்பது ஒரு சிட்டிகைதான், மிச்சமெல்லாம் ஒதுக்கீடு. லண்டனில் போய் ஒரு பையன், "கவுன்சிலிங் போனேன், மெக்கானிக்கல் கிடைத்தது" என்று சொன்னால், மனம் நொந்து போயிருந்த பிள்ளைக்கு யாரோ ஆறுதல் சொல்லி ஸ்பானர் கொடுத்து அனுப்பியதாகத்தான் நினைப்பார்கள்.

நம்பிக்கை: வெள்ளைக்காரர்கள் தெளிவாகத்தான் வைத்திருந்தார்கள், நாம்தான் குழப்பினோம்.

உண்மை: குழப்பத்தில் அவர்கள் நமக்கு மூத்தவர்கள். லத்தீனில் ஓர் எழுத்தில் மட்டும் வேறுபடும் 'கான்சிலியம்' சொற்கள் இரண்டு. 'சி' எழுத்துக்காரருக்குக் கூப்பிட்டுக் கூட்டுதல் என்று வேர். அதனால் அது சபை. 'எஸ்' எழுத்துக்காரருக்குக் கலந்து யோசித்தல் என்று வேர். அதனால் அது அறிவுரை. இரண்டும் பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்றின் துணியை மற்றது உடுத்திக்கொண்டது. சபையில் உட்கார்ந்தால் யோசனை சொல்வார்கள், யோசனை சொல்பவர்கள் கூடினால் அது சபை; குழம்பாமல் என்ன செய்யும்? ஒரு எழுத்துக்கு ஒரு பொருள் என்று அவர்கள் பாகம் பிரித்துக்கொண்டது ஏறக்குறைய 16-ஆம் நூற்றாண்டில்தான்.

பிரித்த பிறகும் வேலி ஓரமாக ஒரு தென்னை நிற்கிறது. லண்டன் பிரிவி கவுன்சில் 'சி' எழுத்துச் சபை. அதன் உறுப்பினரை அந்தச் சபையின் அலுவலகமே இன்றைக்கும் 'எஸ்' போட்டுத்தான் எழுதுகிறது. மன்னருக்கு ஆலோசனை சொல்பவர் என்ற பழைய கணக்கு. நெல்லைச் சீமைக்கு அந்தப் பெயர் புதிதல்ல. 1949 வரை இந்திய வழக்குகளின் கடைசிப் படி அதுதான். சிவகிரி ஜமீன் கடன் வழக்கு 1882-ல் அங்கேதான் தீர்ந்தது.

உச்சரிப்பைப் பற்றிக் கூச்சப்பட வேண்டாம். நாம் நாக்கைச் சரியாக வளைக்காததால் இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கிறது என்று ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சொல்லிக் கொடுப்பார்கள். ஆங்கிலேயர் வாயிலும் இரண்டு கவுன்சிலரும் ஒரே ஒலிதான். கண்ணுக்குத்தான் வித்தியாசம், காதுக்கு இல்லை.

வக்கீல் வீட்டுப் பலகைகளிலும் இந்தப் பிசகைப் பார்க்கலாம். மாநகராட்சிக்காக நீதிமன்றத்தில் தொடர்ந்து ஆஜராகும் வக்கீல் 'ஸ்டாண்டிங் கவுன்சல்', 'எஸ்' எழுத்துக்காரர். பலகை எழுதுபவர் 'சி' போட்டுவிட்டால், அவர் தனியாளாக இருந்தும் நின்றுகொண்டே இருக்கும் ஒரு மன்றமாகிவிடுவார். வக்கீல்களைப் பதிவு செய்யும் பார் கவுன்சிலோ உண்மையிலேயே மன்றம். அங்கே 'சி'தான் சரி.

நம்பிக்கை: தமிழில் சொல்லிவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

உண்மை: பாதி தீரும். மாமன்ற உறுப்பினர் என்றால் யாரும் கல்லூரி இடம் கேட்டுப் போக மாட்டார்கள். இலங்கைத் தமிழர் மனநல ஆலோசனையை 'உளவளத்துணை' என்கிறார்கள். மாநகர சபை உறுப்பினரோடு அது மோதவே மோதாது. நம் பக்கம் அதே வேலைக்கு 'ஆற்றுப்படுத்துதல்' என்றும் எழுதுகிறார்கள். பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். பரிசு பெற்றுத் திரும்புகிறவன், வறுமையோடு எதிரே வருகிறவனுக்கு வழி சொல்லி அனுப்புவது. போய் வந்தவன், போக வேண்டியவனுக்குச் சொல்லும் வழி! எனக்கு இந்தச் சொல்மேல் கொஞ்சம் பட்சபாதம் உண்டு.

ஆனால் கல்லூரி இடத்துக்கும் வாத்தியார் டிரான்ஸ்பருக்கும் அரசாங்கம் வைத்த பெயர் 'கலந்தாய்வு'. பலர் கூடிக் கலந்து ஆராய்வது என்று பிரித்துப் பாருங்கள். அது 'சி' எழுத்துச் சபைக்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது. லத்தீனில் தொடங்கிய கலப்படம் கெஜட் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

ஆச்சியிடம் இதையெல்லாம் சொல்ல ரேஷன் கடை வரிசை போதாது. "கவுன்சிலர் வேற, கவுன்சிலிங் வேற ஆச்சி. அது கம்ப்யூட்டர் போடுத சீட்டு" என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்பம் கம்ப்யூட்டர்க்காரர்ட்ட யாரு சொல்லி வைக்கது?"