சொன்னவர் யார்? எப்போது சொன்னார்? எதற்காகச் சொன்னார்?

 

வரலாறு என்றால் வருடங்களை மனப்பாடம் செய்யும் பாடம் என்றே நம் பிள்ளைகளில் பலர் நினைக்கிறார்கள். பரீட்சை முடிந்ததும் படித்தது மறந்துபோகிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் வரும் ‘வரலாறு’ மறப்பதில்லை. ‘உங்கள் ஆட்கள் அன்று இப்படிச் செய்தார்கள்’ என்று வகுப்பில் ஒருவன் சொன்னால், நம் பிள்ளை ஒன்று தலைகுனிகிறான், அல்லது சண்டைக்குப் போகிறான். மூன்றாவது வழி ஒன்று உண்டு: கேட்ட செய்தியைச் சோதித்துப் பார்ப்பது. வரலாற்று ஆய்வாளர்கள் செய்வது அதைத்தான். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளால் இதைப் பழக முடியும்.

இது நமக்குப் புதிய பழக்கமும் இல்லை. ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒரு செய்தியை ஏற்கும் முன், அதை அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்திருக்க முடியுமா, அவருடைய நினைவாற்றலும் நேர்மையும் எப்படி என்று ஆராய்ந்தார்கள். 1377ஆம் ஆண்டில் ‘முகத்திமா’ எழுதிய இப்னு கல்தூன் இன்னொரு கேள்வியைச் சேர்த்தார்: சொல்லப்படும் செய்தி நடக்கக்கூடியதுதானா? பழைய நூல்களில் காணும் பெரிய படைக் கணக்குகளை அவர் அப்படியே ஏற்கவில்லை. அத்தனை பேருக்கு உணவும் இடமும் இருந்திருக்குமா என்று கேட்டார்.

நம் ஊர் தரும் பாடம்

சங்கரன்கோவிலுக்கு அருகில் உள்ள நெற்கட்டும்செவல், பூலித்தேவர் ஆண்ட பாளையம். அவருடைய பிறந்தநாள் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 1ஆம் தேதி கொண்டாடப்படுகிறது. 1755இல் கர்னல் ஹெரானின் படையை எதிர்த்து நின்றவர் அவர். 1761இல் அவருடைய கோட்டைகளைப் பிடித்தவர் யூசுப் கான், அதாவது கான்சாகிபு. அவர் அப்போது ஆற்காடு நவாபுக்காகவும் ஆங்கிலக் கம்பெனிக்காகவும் போரிட்டார்.

இந்த இரண்டு வரிகளை மட்டும் கேட்ட பிள்ளை, ‘இந்து மன்னரை முஸ்லிம் தளபதி தோற்கடித்தார்’ என்று முடிவு கட்டிவிடலாம். பலர் அப்படித்தான் பரப்பவும் செய்கிறார்கள். இனி இதைச் சோதிப்போம்.

முதல் கேள்வி: யார் யார் பக்கம் நின்றார்கள்? பத்தாம் வகுப்புப் பாடநூலைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மியானா, முடிமையா, நபிகான் கட்டக் என்ற மூன்று பத்தாணியத் தலைவர்கள் பூலித்தேவருடன் நெருக்கமாக இருந்தார்கள். நவாப் முகமது அலியின் அண்ணன் மாபூஸ் கானும் முதலில் பூலித்தேவரை எதிர்த்துவிட்டுப் பின்னர் அவருடன் சேர்ந்தார். பாளையக்காரர்கள் எல்லோரும் பூலித்தேவருடன் இருந்துவிடவும் இல்லை. அப்படியானால் சண்டை எதற்காக நடந்தது? வரி வாங்கும் உரிமை யாருக்கு என்பதே அதில் பெரிய கேள்வி. அன்றைய மனிதர்களை இன்றைய கட்சிகளாகப் பிரித்துப் பார்த்தால் கணக்கு தவறிவிடும்.

இரண்டாம் கேள்வி: பிறகு என்ன நடந்தது? மதுரையையும் திருநெல்வேலியையும் நிர்வகித்த அதே யூசுப் கான், 1763இல் நவாபையும் கம்பெனியையும் எதிர்த்து நின்றார். மதுரைக் கோட்டை நீண்ட முற்றுகைக்கு உள்ளானது. சொந்த ஆட்களே காட்டிக்கொடுக்க, 1764 அக்டோபர் 15 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். மதுரை சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலம் இருக்கிறது. ஒரு மனிதரின் வாழ்வில் 1761ஐ மட்டும் படித்தால் ஒரு தீர்ப்பு. 1764ஐ மட்டும் படித்தால் வேறொரு தீர்ப்பு. இரண்டையும் சேர்த்துப் படிப்பவரே வரலாறு படித்தவர்.

மூன்றாம் கேள்வி: எழுதியவர் யார்? 1914இல் எஸ். சி. ஹில் எழுதிய ஆங்கில நூல், தலைப்பிலேயே யூசுப் கானைக் ‘கலகக்காரத் தளபதி’ என்கிறது. ‘கலகக்காரர்’ என்பது யாருடைய சொல்? அவர் கம்பெனிக்காகப் போரிட்ட நாளில் அதே கம்பெனி அவரை அப்படி அழைக்கவில்லையே! மறுபக்கம், மக்கள் பாடிய ‘கான்சாகிபு சண்டை’ என்ற கதைப்பாடல் இருக்கிறது. கம்பெனிக் கடிதத்தில் தேதியும் படைக்கணக்கும் கிடைக்கும். எழுதியவரின் சாய்வும் கூடவே வரும். கதைப்பாடலில் தேதி தவறலாம். மக்கள் அவரை எப்படி நினைத்தார்கள் என்பது அதில் தெரியும்.

நான்காம் கேள்வி: சான்றுகள் ஒத்துப்போகின்றனவா? பூலித்தேவரின் முடிவைப் பற்றி நம் ஊரில் வழங்கும் செய்தி, அவர் சங்கரநாராயணர் கோயிலுக்குள் சென்று மறைந்தார் என்பது. பாடநூலோ, அவர் 1767இல் கேப்டன் கேம்ப்பெலிடம் தோற்றுத் தப்பிச்சென்றார் என்கிறது. பிள்ளைகள் இரண்டையும் இரு பத்திகளில் எழுதி ஒப்பிடட்டும். எதிரியின் கையில் அவர் சாகவில்லை என்பதில் இரண்டும் ஒன்றுபடுவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். ஊர்ச் செய்தியைக் கேலி செய்ய வேண்டாம். அதைப் போற்றுகிறவர்கள் நம் அண்டை வீட்டார். அது எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று மட்டும் கேட்கப் பழக்குவோம்.

வீட்டில் செய்யும் பயிற்சி

ஒவ்வொரு குடும்பத்திலும் சான்றுகள் உண்டு: பழைய கிரையப் பத்திரம், நிக்காஹ் பதிவு, கடைக் கணக்கு, அரபுத் தமிழில் எழுதிய கடிதம், கப்ருக் கல். ஒன்றை எடுத்துப் பிள்ளையிடம் கொடுங்கள். எழுதியவர் யார், எந்த ஆண்டு, எதற்காக, எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார் என்று எழுதச் சொல்லுங்கள்.

ஆண்டைப் படிப்பதே ஒரு பயிற்சி. நம் பகுதிப் பழைய ஆவணங்களில் கொல்லம் ஆண்டு இருக்கலாம். அதனுடன் மாதத்தைப் பார்த்து 824 அல்லது 825ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். கொல்லம் 1086 என்றால் 1910–11. ஹிஜ்ரி ஆண்டு சுமார் 354 நாள்களே கொண்டதால் அப்படிக் கூட்ட முடியாது. அட்டவணை பார்க்க வேண்டும். ஹிஜ்ரி 1300 தொடங்கியது 1882 நவம்பரில்.

அதே ஆவணத்தைப் பற்றி வீட்டின் மூத்தவர் இருவரிடம் தனித்தனியே கேட்டு, இருவர் சொன்னதையும் பெயர், தேதியுடன் எழுதி வைக்கட்டும். இருவரும் மாறுபட்டுச் சொன்னால் அழிக்க வேண்டாம்; மாறுபாட்டையும் எழுதட்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வீடு மாற்றும்போதும் வெள்ளையடிக்கும்போதும் பழைய தாள்களைக் கட்டாகக் கட்டி எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உலர்ந்த துணியால் துடைத்து, ஈரம் படாத பெட்டியில் வையுங்கள். கைபேசியில் படம் எடுத்தும் வையுங்கள். லேமினேஷன் செய்ய வேண்டாம். பிறகு பிரிக்க முடியாது.

இந்தப் பழக்கம் வந்த பிள்ளை, அடுத்த முறை வகுப்பில் யாராவது ‘உங்கள் ஆட்கள்’ என்று தொடங்கும்போது, ‘இதை யார் எழுதியது, எந்த வருடம்?’ என்று நிதானமாகக் கேட்கும். தன் பக்கத்துக்குச் சாதகமாக வரும் செய்தியையும் அதே கேள்வியைக் கேட்ட பிறகே பகிரும். இன்ஷா அல்லாஹ், இதை இந்த மாதமே நம் வீடுகளில் தொடங்குவோம்.