படுக்கை இல்லை என்றார்கள்

1992-ஆம் ஆண்டு ஜூலை மாதம். மேற்கு வங்காளத்தில் ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்தார். தலையில் பலத்த அடி. மூளையில் இரத்தக் கசிவு.

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிச் சென்றார்கள். அங்கே வசதி இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். கல்கத்தாவில் ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினார்கள். ஓரிடத்தில் படுக்கை காலி இல்லை. இன்னோரிடத்தில் அந்தச் சிகிச்சையே இல்லை. இரவு போய் மறுநாளும் வந்துவிட்டது. கடைசியில் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிர் பிழைத்தார். செலவு சுமார் 17 ஆயிரம் ரூபாய். கூலி வேலை செய்பவர் அவ்வளவு பணத்துக்கு எங்கே போவார்?

அவரும் அவருடைய சங்கமும் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 1996-இல் தீர்ப்பு வந்தது. உரிய நேரத்தில் சிகிச்சை தராதது, உயிர் வாழும் உரிமையைப் பறிப்பதாகும் என்றது நீதிமன்றம். பணம் இல்லை என்று அரசு தட்டிக்கழிக்க முடியாது என்றும் சொன்னது. அவருக்கு 25 ஆயிரம் ரூபாய் நஷ்டஈடு கிடைத்தது.

அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. என்னென்ன செய்ய வேண்டும் என்றும் தீர்ப்பு கூறியது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே உடனடி சிகிச்சை தந்து, நோயாளியின் நிலை மோசமாகாமல் பார்க்க வேண்டும். மாவட்ட ஆஸ்பத்திரிகளில் வசதியைப் பெருக்க வேண்டும். எங்கே படுக்கை காலி என்று விசாரித்து, நேராக அங்கே அனுப்ப வேண்டும். கருவிகளும் ஆட்களும் உள்ள ஆம்புலன்ஸ் வேண்டும்.

2005-இல் ஹைதராபாத்தில் 108 ஆம்புலன்ஸ் தொடங்கியது. பிறகு பல மாநிலங்களுக்குப் பரவியது. 2021-இல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. 5 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள மாவட்டங்களில் தீவிர சிகிச்சைக்கென்றே தனிக் கட்டடம் கட்டுவது அதில் ஒரு பகுதி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கட்டடமும் கருவியும் மட்டும் போதா. மூச்சுத் தரும் கருவியை இரவும் பகலும் கவனிக்கப் பயிற்சி பெற்ற நர்ஸ் வேண்டும். தடையில்லாமல் மின்சாரமும் ஆக்ஸிஜனும் வேண்டும்.

வேறு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால், முதலுதவி செய்தார்களா என்று கேட்க வேண்டும். அங்கே படுக்கை உண்டா என்று போனில் விசாரிக்கச் சொல்லலாம். என்ன மருந்து, எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று எழுதிய சீட்டையும் கேட்டு வாங்க வேண்டும். அடுத்த டாக்டர் முதலில் தேடுவது அதைத்தான்.

சாலை விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிச் செல்லப் பலர் பயப்படுகிறார்கள். போலீஸ் தொல்லை வரும் என்ற பயம். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. நல்லெண்ணத்தோடு உதவுகிறவர் தம் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.