ஃபேனைப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கச் சொல்லுங்கள்

பென்னலூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். யோகா டிப்ளமோ முடித்திருக்கிறார். தெருக்காரர்கள் கேட்டுக்கொண்டதால், குடியிருக்கும் வீட்டின் மொட்டைமாடி அறையில் வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு முதல் வகுப்பு. பதினைந்து பேர் வருவார்களாம், பெரும்பாலும் கம்பெனிக்குப் போகிற பெண்கள். “எதிலிருந்து ஆரம்பிக்கட்டும் மேடம்? சூரிய நமஸ்காரம் வைத்துக்கொள்ளலாமா?”

வேண்டாம்மா. பன்னிரண்டு நிலைகளில் எந்தக் கால் பின்னே, எந்தக் கால் முன்னே என்று குழம்புவதிலேயே புதிதாக வருபவருக்கு மூச்சு மறந்துபோகும். மூன்றாவது வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் வருகிற உடம்பைப் பாருங்கள். பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியது 1998-ல். அதன்பின் ஒரகடம், வல்லம் வடகால் என்று தொழிற்சாலைகள் நீண்டுகொண்டே போயின. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காகத் திறந்த விடுதியில் மட்டும் 18,720 படுக்கைகள். லைனில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வரும் பெண்ணுக்குக் கெண்டைக்கால் இறுகியிருக்கும், பாதம் வீங்கியிருக்கும். நாள் முழுக்கக் குனிந்து ஒரே வேலையைச் செய்த கழுத்து ஒரு பக்கமாக இழுக்கும். இவர்களிடம் போய் முதல் நாளே வயிறு குறைய, தொடை குறைய என்று ஆரம்பித்தால் இரண்டாம் நாள் வரமாட்டார்கள்.

சென்னையில் யோக ஆசான் கிருஷ்ணமாச்சாரியாரின் மகன் தேசிகாச்சார் படிப்பால் பொறியாளர். 1976-ல் தந்தையின் பெயரில் யோக மந்திரம் தொடங்கிய அவர் கடைசிவரை வலியுறுத்தியது, ஆளுக்கு ஏற்றபடி ஆசனத்தை மாற்று என்பதைத்தான். டிப்ளமோவில் இதை ஒரு பாராவில் படித்திருப்பீர்கள். பென்னலூரில் தினமும் தேவைப்படும்.

என் முதல் வகுப்பு ஒரு கம்பெனி கேன்டீன் ஹாலில் நடந்தது. தெரிந்ததையெல்லாம் காட்டிவிடும் ஆசை. சிரசாசனத்தில் நின்றேன், கைதட்டினார்கள். அந்த மிதப்பில் எல்லோரையும் மூச்சை உள்ளே இழுத்து அடக்கச் சொன்னேன். நைட் ஷிஃப்ட் முடித்து ஒரு டீயோடு வந்திருந்த ஒரு பெண் அப்படியே சரிந்தாள். அன்று நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “தூங்கினியாம்மா, சாப்பிட்டியா?”

ஆகவே கேளுங்கள். ஆனால் எல்லோரையும் உட்காரவைத்துப் பொதுவில் கேட்டால் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒவ்வொருவராக, மெதுவாக: பி.பி. உண்டா, ஆபரேஷன் ஆகியிருக்கிறதா, குடலிறக்கம், கண் அழுத்தம், தலைசுற்றல், நாள் தள்ளிப்போயிருக்கிறதா. பி.பி. உள்ளவர் மூச்சை அடக்கக் கூடாது, தலைகீழ் ஆசனமும் கூடாது. வயிற்றில் ஆபரேஷன் ஆனவருக்கும் கர்ப்பிணிக்கும் கபாலபாதி வேண்டாம். தண்டுவட ஜவ்வில் கோளாறு என்று டாக்டர் சொல்லியிருந்தால் முன்னே குனியவிடாதீர்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து நேராக வருகிறவர் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டு, கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுச் சேர்ந்துகொள்ளட்டும். அவருக்குத் தளர்வுப் பயிற்சி மட்டும் போதும். வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டியவர் அவர்.

மொட்டைமாடி அறை என்கிறீர்கள், கூரை தாழ்வாக இருக்கும். ஃபேனுக்கு நேர் கீழே யாரையும் நிறுத்தாதீர்கள். உயரமான பெண் கையைத் தூக்கினால் என்ன ஆகும் என்று முந்தின நாளே நீங்கள் நின்று பாருங்கள். டைல்ஸ் தரையில் கோரைப்பாய் வழுக்கும், ஜமக்காளம் பரவாயில்லை. எல்லோருக்கும் யோகா மேட் வாங்கச் சொல்லிச் செலவு வைக்காதீர்கள்.

முக்கால் மணி நேரத்துக்கு ஐந்தாறு அசைவுகள் தாராளம். நின்றபடி குதிகாலை உயர்த்தி இறக்குவது, கையைத் தூக்கிப் பக்கவாட்டில் வளைவது, தோளைச் சுழற்றுவது, கழுத்தை மெல்லத் திருப்புவது. பிறகு மகராசனத்தில் குப்புறப் படுக்கை. கர்ப்பிணி மட்டும் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கட்டும். அதன்பின், நாள் முழுக்க நின்ற கால்களுக்காக, மல்லாந்து படுத்துக் காலைச் சுவரில் சாய்த்து வைப்பது. ஐந்து நிமிடம் அப்படியே கிடந்தால் போதும், “அப்பாடா” என்ற சத்தம் கேட்கும். கர்ப்பிணியும் கண் அழுத்தம் உள்ளவரும் இதற்குப் பதில் நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டூலில் கால் நீட்டட்டும்.

மூச்சுக்கு ஒரே விதி சொல்லுங்கள்: உடம்பு விரியும்போது உள்ளே, மடங்கும்போது வெளியே. மற்ற நுணுக்கமெல்லாம் பிறகு. ஆசனப் பெயரை ஒரு தடவை சொன்னால் போதும்; அதன்பின் “குதிகால் தரையில படட்டும்”, “தாடை இறுகாம இருக்கட்டும்” என்று வீட்டுத் தமிழில் பேசுங்கள். எதிரே நின்று காட்டும்போது வாய் “வலது கை” என்றால் நீங்கள் தூக்க வேண்டியது இடது கை. இதைக் கண்ணாடி முன் நின்று பழகாமல் வகுப்புக்குப் போகாதீர்கள், நாக்கு கட்டாயம் புரளும். ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்களும் வரலாம். “ஸான்ஸ் லோ” (மூச்சை இழு), “சோடோ” (விடு), “தீரே தீரே” (மெதுவாக) என்ற இந்தி மூன்றும் தெரிந்தால் பிழைத்துக்கொள்ளலாம், மிச்சத்தை உங்கள் உடம்பே சொல்லிவிடும். கேட்காமல் யாரையும் தொட்டுத் திருத்தாதீர்கள்.

யாராவது ஒருத்தி, “அக்கா, மனவளக்கலையில இதை வேற மாதிரி செய்வோம்” என்பாள். மனவளக்கலையைத் தந்த வேதாத்திரி மகரிஷி பிறந்த கூடுவாஞ்சேரி உங்களுக்கு அதிக தூரமில்லை. அவருடைய எளியமுறை உடற்பயிற்சி இந்தப் பக்கம் நிறையப் பேருக்குப் பழக்கம். வாதாடாமல், “எனக்கும் காட்டும்மா” என்று கேளுங்கள். கூச்சம் போய்விடும், உங்களுக்கும் அவளுக்கும்.

சவாசனத்துக்குப் பத்து நிமிடத்தைக் கடிகாரம் பார்த்து ஒதுக்குங்கள். நேரம் போதவில்லையென்றால் ஓர் ஆசனத்தை வெட்டுங்கள், இதை வெட்டாதீர்கள். ஹைவேஸில் லாரி ஹாரன் அடிக்கும்போது நீங்கள் குரலை உயர்த்தாதீர்கள், அது போகட்டும். இரண்டு மூன்று பேர் குறட்டை விடுவார்கள், மற்றவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எழுப்பும்போது முதலில் விரல் அசைவு, பிறகு வலப்பக்கம் ஒருக்களித்து, கையை ஊன்றி நிதானமாக எழுந்து உட்காரவேண்டும். மல்லாந்தபடி சடாரென்று எழவிடாதீர்கள்.

கட்டணம் வாங்குங்கள், சிறு தொகையாகவாவது, சம்பளம் வந்த வாரத்தில். இலவசம் என்றால் மழை பெய்தாலே வரமாட்டார்கள்.

கடைசியாக, வந்தவர்கள் பெயரை நோட்டில் எழுதும்போது பக்கத்திலேயே ஷிஃப்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் ஷிஃப்ட் மாறியதும் பாதிப் பேரைக் காணோமென்றால் உங்கள் வகுப்பு பிடிக்கவில்லை என்று நினைத்து இரவெல்லாம் விழித்திருப்பீர்கள். நான் விழித்திருந்தேன். அந்தப் பாதிப் பேருக்காகச் சாயங்காலம் ஐந்து மணிக்கு இன்னொரு வகுப்பு வைக்க முடியுமா என்று வீட்டுக்காரரிடம் இப்போதே கேட்டுவையுங்கள்.