பழைய மோட்டார் வண்டிகள்

ஆண்டுதோறும் நவம்பர்த் திங்களின் முதல் ஞாயிறன்று, விடியற்காலையில், சில நூறு மோட்டார் வண்டிகள் இலண்டன் மாநகரினின்று பிரைட்டன் என்னும் கடற்கரை நகர் நோக்கிப் புறப்படும். அவை அனைத்தும் 1905ஆம் ஆண்டிற்கு முன் செய்யப்பெற்றவை. பலவற்றிற்குக் கூரையில்லை; முன்புறக் கண்ணாடியும் இல்லை. மழையாயினும் பனியாயினும் ஓட்டுவோர் நனைந்துகொண்டே ஏறத்தாழ 60 மைல் செல்வர்.

புறப்படுமுன் ஒரு செங்கொடியைக் கிழிப்பது வழக்கம். ஆங்கில நாட்டில் 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி, எந்திர வண்டிக்கு 60 கெஜம் முன்னே ஒருவன் செங்கொடி ஏந்தி நடத்தல் வேண்டும். கொடி ஏந்தும் கட்டாயம் 1878இல் தளர்ந்ததாயினும், முன்னே நடப்போன் நீங்கினானல்லன். மணிக்கு 4 மைல் என்னும் வரம்பும் உயரவில்லை. 1896இல் புதிய சட்டம் 14 மைல் வேகத்திற்கு இடந்தந்தது. அவ்வாண்டு நவம்பர் 14ஆம் நாள் அம்மகிழ்ச்சியில் சிலர் பிரைட்டனுக்கு வண்டியோட்டினர். அதன் நினைவாக 1927இல் தொடங்கியதே இன்றைய ஓட்டம்.

நூற்றாண்டைக் கடந்த எந்திரம் தானாக ஓடுமோ? கொட்டகைகளில் துருவேறிக் கிடந்த வண்டிகளைத் தேடி வாங்கி, ஓய்வு நேரமெல்லாம் செலவிட்டுச் செப்பனிடுவோர் ஐரோப்பாவெங்கும் உளர். அவர்கள் முதற்கண் செய்வது கழற்றுதல். கழற்றிய ஒவ்வோர் உறுப்பையும் படம்பிடித்து, சீட்டுக் கட்டி, தனித்தனிப் பெட்டியில் இடுவர். இதில் சோம்பினவர் மீண்டும் பூட்டுங்கால் வருந்துவர். பழைய ஆங்கில வண்டிகளின் திருகாணிகள் விட்வொர்த் அளவின; பிரெஞ்சு வண்டிகளின் மரைகளோ மெட்ரிக் அளவின. ஒன்றற்குரிய ஸ்பானர் மற்றொன்றிற்குப் பொருந்தாது. வலிந்து திருகினால் ஆணியின் தலை மழுங்கும்.

வண்டியின் மேற்கூடு பார்வைக்கு முழுதும் உலோகம். ஆனால் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஆஷ் என்னும் மரத்தாற் செய்த சட்டம். அதன்மேல் தகடு அறைந்திருப்பர். தகடு பளபளக்க, உள்ளே மரம் உளுத்துப் போயிருப்பதும் உண்டு. ஆதலின் இவ்வேலைக்குக் கொல்லரும் வேண்டும், தச்சரும் வேண்டும். எஞ்சினில் சுழலும் தண்டைத் தாங்குமிடத்தில், வெள்ளீயம் மிகுந்த மென்மையான கலப்பு உலோகத்தை உருக்கி வார்த்திருப்பர். விலையுயர்ந்த தண்டு தேயாதிருக்க அது தான் தேயும். தேய்ந்ததும் மீண்டும் வார்த்து, தண்டில் நீலச்சாயம் தடவிச் சுழற்றி, சாயம் ஒட்டிய மேடுகளைக் கையாற் சுரண்டிச் சுரண்டிப் பொருத்துவர். பல நாள் செல்லும் வேலை இது.

வண்டியைக் கிளப்புவதிலும் ஒரு பயிற்சி உண்டு. முன்புறக் கைப்பிடியைச் சுற்றும்போது, பெருவிரலைப் பிற விரல்களின் பக்கமே வைத்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் சில வேளை எதிராக உதைக்கும். கைப்பிடியை வளைத்துப் பற்றிய பெருவிரல் அப்போது முறியும்.

இனி, இவ்வன்பர்களிடையே நெடுநாளாக நிகழும் வழக்கொன்று உண்டு. வண்டி கடையினின்று வந்த நாளிற்போல மின்னவேண்டும் என்பர் ஒருசாரார். அவ்வாறு மாற்றிக்கொண்டே சென்றால் பழமை எங்கே எஞ்சும் என்று வினவுவர் மற்றொரு சாரார். ஏட்டுச் சுவடியில் செல்லரித்த இடத்தைப் பதிப்பாசிரியர் தம் சொல்லால் நிரப்பார், புள்ளியிட்டு விடுவார். அந்நெறியிற் பழகிய எனக்குப் பின்னவர் கூற்றே ஏற்புடைத்தாகத் தோன்றுகிறது. எனினும், ஓட்டையான பிரேக்கைப் பழமை கருதி அப்படியே விடுவாரை யாரும் பாராட்டார்.

இவ்வழக்கிற்கு வியப்பான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1925இல் செய்யப்பெற்ற புகாட்டி வண்டியொன்று மஜ்ஜோரே ஏரியில், சுவிட்சர்லாந்தின் அஸ்கோனா என்னும் ஊரருகே மூழ்கிக் கிடந்தது. சுங்கவரி செலுத்தப்படாமையால் 1936 அளவில் அதனைச் சங்கிலியிற் பிணைத்து நீரில் இறக்கினர் என்பர். நாளடைவில் சங்கிலி துருப்பிடித்து அறுந்தது. ஏறத்தாழ 170 அடி ஆழத்தில் கிடந்த அதனை 2009இல் மேலே தூக்கினர். மறு ஆண்டு பாரிசு நகரில் நிகழ்ந்த ஏலத்தில் அது 2,60,500 யூரோவுக்கு விலைபோயிற்று. வாங்கிய அமெரிக்கர் பல புகாட்டி வண்டிகளை அழகுறப் பேணியவர். இதனையோ அவர் செப்பனிடவில்லை. அரித்த தகட்டோடும் துருவோடும் ஏரியினின்று வந்தவாறே காட்சிக்கு வைத்தார்.